இரண்டு நூற்றுப்பதினேழு

கடைசியாக நாங்கள் பேசிக்கொண்டது கத்திரிக்கோலைப் பற்றி.

"கத்திரிக்கோல் எங்கங்க?" என்று முன்னறையிலிருந்து கேட்டாள். நான் அடுப்பு முன் நின்று பால் பொங்குவதற்காகக் காத்திருந்தேன். "வைக்கிற இடத்துலதான் இருக்கும்" என்றேன், திரும்பாமல்.

"வைக்கிற இடத்துல இருந்தா உங்ககிட்ட எதுக்குக் கேக்கறேன்?"

இழுப்பறை திறந்து மூடும் சத்தம் வந்தது. பிறகு நாற்காலி நகர்ந்தது. பால் பொங்கியது, அணைத்து, டீ போட்டு, இரண்டு கோப்பைகளோடு முன்னறைக்கு வந்தேன். மேசைமேல் கன்னத்தைச் சாய்த்திருந்தாள். கண்ணாடி ஒரு பக்கமாக நழுவியிருந்தது. தாளில் இருந்த புள்ளிக்கோட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். "இதுக்குத்தான் கண்ணாடியை மாத்து மாத்துன்னு தலைபாடா அடிச்சுக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே கோப்பையை அவள் கைப்பக்கம் வைத்தேன்.

கத்திரிக்கோல் பதினோரு நாள் கழித்துக் குளியலறை அலமாரியில் கிடைத்தது. மீசை நறுக்கிவிட்டு அங்கே வைத்தவன் நான்தான்.

அவள் வெட்ட நினைத்த தாள் ஒரு நுழைவுச்சீட்டு. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவே புள்ளிக்கோடு. ரயிலில் ஐந்து மணி நேரத் தொலைவில் இருக்கும் பழைய பல்கலைக்கழகம் ஒன்றைச் சுற்றிப் பார்ப்பதற்காக மூன்று மாதம் முன்பே அவளே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பதிவு செய்தது. காரியங்கள் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது மகள் கேட்டாள்: "அப்பா, அந்த டிக்கெட்டை கேன்சல் பண்ணிடவா?"

"இருக்கட்டும்."

"தனியா போய் என்னப்பா பண்ணப் போறீங்க? அங்க என்ன இருக்கு?"

"உங்கம்மாவோட ஒரு தப்பு இருக்கு" என்றேன். துக்கத்தில் ஏதோ உளறுகிறேன் என்று நினைத்திருப்பாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்தத் தப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவள் டைப் அடித்துப் பிழைத்தவள். பள்ளிப் படிப்போடு நின்றுவிட்டவள். ஆனால் எங்கள் ஊர்க் கல்லூரி வாத்தியார்கள் பட்டத்துக்காக எழுதிய ஆய்வேடுகளில் முக்கால்வாசி எங்கள் முன்னறையில்தான் உருவம் பெற்றன. ஒரு மேசை, ஒரு இயந்திரம், கார்பன் தாள் கட்டு, ஜன்னல் பக்கம் ஒரு ஸ்டூல். ஸ்டூல் எனக்கு. நான் தண்ணீர் வாரியத்தில் மீட்டர் குறிக்கிறவன். வீடு வீடாகப் போய்க் குனிந்து, கண்ணாடியைத் துடைத்து, எண்ணைப் பார்த்து எழுதுவது என் வேலை. சாயங்காலம் வந்து கை கால் கழுவியதும் ஸ்டூலில் உட்கார்ந்து ஒப்புப் பார்க்க வேண்டும். வாத்தியாரின் கையெழுத்துப் படியை நான் உரக்கப் படிப்பேன். கமா வந்தால் கமா என்பேன், முற்றுப்புள்ளி என்பேன், புதுப் பத்தி என்பேன். அவள் தான் அடித்த தாளில் விரல் வைத்துக்கொண்டே வருவாள். எங்காவது இடித்தால் மேசையை ஒரு தட்டு. படிக்கும்போது எனக்குச் சந்தேகம் வந்தாலும் ஒரு தட்டுதான். தட்டிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். தாளைத் தொடக் கூடாது. கல்யாணமான புதிதில் ஒருமுறை உற்சாகத்தில் பென்சிலை எடுத்து நானே ஒரு எழுத்தைத் திருத்தப் போனேன். கையில் ஒரு அடி விழுந்தது.

"வாய் உங்களுது, கை என்னுது. தாள்ல கை வைக்கிற வேலை வேண்டாம்."

முப்பது வருஷத்துக்கு மேல் அந்தச் சட்டம் மாறவில்லை.

ஒருவர் மண்புழுவைப் பற்றி ஆராய்ச்சி செய்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் புழு சார். நல்ல மனிதர், கையெழுத்துதான் அவருடைய ஆராய்ச்சிப் பொருள் நெளிந்த மாதிரி இருக்கும். பெருமழைக்கு முன்னால் மண்புழுக்கள் எவ்வளவு தூரம் நகர்கின்றன என்பதை முன்னூறு பக்கத்துக்கு எழுதியிருந்தார். அந்த மூன்று மாதத்தில் அவளும் மண்புழுவில் பாதிப் பட்டம் வாங்கிவிட்டாள். வாசலில் ஒன்று நெளிந்து போனால், "மிதிச்சுடாதீங்க, அது இப்ப வீடு மாத்துது" என்பாள்.

அந்த ஆய்வேட்டின் நூற்றுப்பதினேழாம் பக்கத்தை அடித்து முடித்து இயந்திரத்திலிருந்து உருவிக்கொண்டிருந்தபோதுதான் நான் வாசலில் வந்து நின்றேன், தாடையிலிருந்து ரத்தம் சொட்ட. ஒரு வீட்டு நாய் துரத்தி, சைக்கிளோடு சாக்கடை விளிம்பில் விழுந்திருந்தேன். ரசீதுப் புத்தகத்தை மட்டும் விடாமல் பிடித்திருந்தேன். அவள் தாளை அப்படியே போட்டுவிட்டு என்னை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அவள் விரலெல்லாம் கார்பன் கறுப்பு. என் தாடையைப் பிடித்திருந்ததால் என் முகமும் கறுப்பு. நர்சம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "யாருக்கு என்ன ஆச்சு, அதைச் சொல்லுங்க முதல்ல" என்றாள். ஏழு தையல். வீட்டுக்கு வந்ததும் எனக்குக் கஞ்சி கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு, அவள் போய்ப் புதுத்தாள் சொருகினாள். பக்க எண்ணை முதலில் அடித்துவிட்டுத்தான் எழுத்தைத் தொடங்குவது அவள் பழக்கம். நூற்றுப்பதினெட்டு வர வேண்டிய இடத்தில் நூற்றுப்பதினேழு என்று அடித்தாள். மறுபடியும்.

ஒப்புப் பார்க்கும்போது நாங்கள் பக்க எண்ணைப் படிப்பதில்லை. கையெழுத்துப் படியில் எண் வேறாக இருக்கும். எண் முழுக்க அவள் பொறுப்பு.

நாலு படி அடிப்பாள். முதல் படி பல்கலைக்கழக நூலகத்துக்கு. கடைசி, மங்கலான கார்பன் படி எங்கள் பரணுக்கு. எட்டு மாதம் கழித்துப் பரணை ஒதுக்கும்போது அந்தப் படியைப் புரட்டியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதற்கு முந்தின வாரம்தான் புழு சார் பட்டம் கிடைத்துவிட்டது என்று இனிப்போடு வந்துபோயிருந்தார்.

"பட்டத்தைத் திருப்பி வாங்கிடுவாங்களா?"

"ஒரு நம்பருக்கா? போடி."

"ஊர் மீட்டரையெல்லாம் படிக்கிறீங்க. வீட்டுல இருக்கிற ஒரு நம்பர் உங்க கண்ணுல படலையே!"

அவரிடம் சொல்லவேயில்லை. சொல்ல வாயெடுப்பாள், முழுங்கிவிடுவாள். அவர் வேலை மாறிப் போனார். போன வருஷம் அவரும் போய்ச் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டோம். அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான்: நூலகத்தில் இருக்கிற முதல் படியில் அந்த எண்ணை யாராவது திருத்தினார்களா, இல்லையா. பைண்டர் திருத்தியிருக்கலாம். தேர்வாளர் யாராவது கண்டுபிடித்துச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கலாம். வேடிக்கையாகத்தான் பேசுவாள். என் தாடைத் தழும்பைத் தொட்டு, "பாருங்க, நான் காலேஜ் வாசலை மிதிக்கல, உங்க தாடை பல்கலைக்கழகத்துக்குள்ள இருக்கு" என்பாள். ஆனால் பரணில் இருந்த படியை எடுத்துப் பார்த்த நாளெல்லாம் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

இந்தப் பயணத்துக்காகக் கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு பென்சிலைச் சீவி வைத்திருந்தாள்.

"அங்க போய்க் கிறுக்கப் போறியா?"

"கிறுக்கல. இரண்டாவது எண்ணுக்குப் பக்கத்துல குட்டியா ஒரு 'அ' போட்டுட்டு வந்துடுவேன். அவ்வளவுதான். யார் பார்க்கப் போறாங்க?"

அந்தப் பென்சிலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வெட்டாத தாளை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு, குறித்த நாளில் தனியாகப் போனேன். ரயிலில் என் பக்கத்து இருக்கை அவளுக்குப் பதிவானது. ஒருவர் வந்து, "இங்க யாராவது வராங்களா?" என்றார். இல்லை என்று தலையாட்ட வேண்டியதுதானே. "வராங்க" என்றேன். ஐந்து மணி நேரம் அந்த இருக்கை காலியாக வந்தது. அவர் இரண்டு நிறுத்தம்வரை நின்றுகொண்டு என்னை முறைத்தார்.

பல்கலைக்கழக வாசலில் ஒரு பையனும் பெண்ணும் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பெண் என் தாளைப் பிரித்தாள். மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை, கருவியைக் காட்டினாள். இரண்டு தடவை பீப் என்றது. இரண்டு வட்ட ஸ்டிக்கர்களை உரித்து என் விரலில் ஒட்டிவிட்டு, "நெஞ்சுல ஒட்டிக்கோங்க சார், அவங்களுக்கும் ஒட்டிடுங்க" என்று அடுத்த ஆளைப் பார்த்தாள். நான் ஒன்றை ஒட்டிக்கொண்டேன். மற்றதைக் கையிலேயே வைத்திருந்தேன்.

எங்கள் குழுவுக்கு வழிகாட்டி கடைசி வருஷ மாணவி ஒருத்தி. நீளமான மரஸ்கேல் நுனியில் சிவப்பு ரிப்பன் கட்டித் தலைக்குமேல் பிடித்திருந்தாள். "மொத்தம் இருபத்துமூணு பேர். யாரும் ரிப்பனை விட்டுப் போகாதீங்க. போன வாரம் ஒருத்தர் தூங்கிட்டார், தத்துவத் துறையில. மூணு வகுப்பு முடிஞ்சுதான் கண்டுபிடிச்சோம்." எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்குக் கேட்டுப் பழகிய சிரிப்பு அது. அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

நூற்றைம்பது வருஷத்துப் படிகள் என்று காட்டினாள். கல் நடுவில் குழிந்து, மழைத்தண்ணீர் தேங்கும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. எல்லாரும் அந்தக் குழியிலேயே காலை வைத்து ஏறினார்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் கழுத்தில் பெரிய கேமரா. ஒரு கல்லை விடாமல் படம் எடுத்தார்.

"என்னங்க, என்னையும் ஒண்ணு எடுங்களேன். வீட்டுக்குப் போய் இந்தக் கல்லோடயா குடும்பம் நடத்தப் போறீங்க?"

"கல்லு பேசாதில்ல."

அந்த அம்மா என்னைப் பார்த்து, "கேட்டீங்களா சார் இவர் பேச்சை?" என்றாள். பிறகு என் கையில் இருந்த ஸ்டிக்கரைப் பார்த்தாள். "உங்க வீட்டுல வரலையா?"

"பின்னாடி வராங்க" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்த இரண்டு மாதமாக எத்தனையோ பேரிடம் அவள் போய்விட்டதைச் சொல்லியாயிற்று, பால்காரரிடம், வங்கியில், கண்ணாடிக் கடையில். அவர்களுக்கெல்லாம் அவளைத் தெரியும், சொல்லித்தான் ஆக வேண்டும். இங்கே அவளை யாருக்கும் தெரியாது. தெரியாதவர்களுக்கு அவள் இறந்தும் போகவில்லை.

பெரிய மண்டபத்தில் பழைய துணைவேந்தர்களின் படங்கள் வரிசையாகத் தொங்கின. எல்லார் கையிலும் ஒரு புத்தகம், ஒருவரும் அதைப் படிக்கவில்லை. அடுத்து ஒரு பழைய வகுப்பறை. பெஞ்சுகளில் நூறு வருஷத்துப் பெயர்களைக் கத்தியால் செதுக்கி வைத்திருந்தார்கள். "இதெல்லாம் இப்ப பாதுகாக்கப்பட்ட சின்னம். நாங்க செதுக்கினா அபராதம்" என்றாள் வழிகாட்டி. முற்றத்து மூலையில், செடிக்குப் பின்னால், ஒரு தண்ணீர் மீட்டர் இருந்தது. நான் குனிந்து கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்து எண்ணைப் படித்தேன். அங்கே நான் புரிந்துகொண்ட முதல் பொருள் அதுதான். நிமிர்ந்து, "இதைப் பாரேன்" என்று சொல்லத் திரும்பினேன். கேமராக்காரர் சுவரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

நூலகக் கட்டிடத்தின் வாசலில் எல்லாரையும் நிறுத்தினாள். உள்ளே ஒரு கூடம் மட்டும் சுற்றுலாக்காரர்களுக்கு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். வாசலில் பதிவான எண்ணிக்கையும் உள்ளே போகும் தலைகளும் சரியாக இருந்தால்தான் காவலாளி விடுவார். ஸ்கேலால் ஒவ்வொருவரையும் தொடுவதுபோல் எண்ணினாள். இருபத்திரண்டு. இன்னொரு முறை எண்ணினாள். இருபத்திரண்டு.

"ஒருத்தர் குறையறாங்களே. யாரோட ஆள் வரலை?"

அந்த அம்மாதான் நல்ல மனசோடு கையைத் தூக்கினாள். "இதோ இவரோட வீட்டுக்காரங்க. பின்னாடி வராங்கன்னு சொன்னார்."

வழிகாட்டி என்னிடம் வந்தாள். "சார், அம்மாவை எங்க விட்டீங்க?"

"வந்துடுவாங்க" என்றேன்.

"தனியா சுத்தினா வழி தெரியாது சார், இது பெரிய இடம். நான் கேக்கறேன், இருங்க." இடுப்பிலிருந்து வாக்கி டாக்கியை எடுத்தாள். "என்ன கலர் டிரஸ் போட்டிருக்காங்க?"

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. பயணத்துக்கென்று அப்போதே இஸ்திரி போட்டு அவள் எடுத்துவைத்தது இன்னும் நாற்காலி முதுகில்தான் தொங்குகிறது.

"நீலம்" என்றேன். "வெளிர் நீலம். கண்ணாடி போட்டிருப்பாங்க, ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கி இருக்கும். கையில குடை இருக்கும்."

"உயரம்?"

"என் தோள் வரைக்கும்."

அவள் அதை அப்படியே கருவியில் சொன்னாள். எங்கோ ஒரு குரல் அதைத் திருப்பிச் சொன்னது: வெளிர் நீல டிரஸ், கண்ணாடி, கையில குடை. இன்னொரு குரல், தூரத்தில்: நீல டிரஸ், குடை, சரி, பார்க்கறேன். பழைய வகுப்பறையில் தேடினார்கள். படிகளில் தேடினார்கள். மண்டபத்துக் காவலாளி படங்களுக்கு முன்னால் நிற்கிறாளா என்று பார்க்கப் போனார். பள்ளிப்படிப்போடு நின்றவளை அந்தப் பல்கலைக்கழகம் முழுக்கத் தேடியது. ஒரு நிமிஷம், அதிகம் போனால் இரண்டு நிமிஷம், நானும் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"கழிவறைல பார்த்தாச்சு, இல்லம்மா" என்றது கருவி.

வழிகாட்டியின் முகத்தில் பயம் வந்துவிட்டது. சின்னப் பெண். அவள் பொறுப்பில் ஒரு ஆள் தொலைந்துபோயிருக்கிறார். இருபத்தோரு பேரும் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார்கள். "போன் நம்பர் கொடுங்க சார், அடிச்சுப் பார்க்கறேன்" என்றாள்.

அவள் போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

"இங்க வாம்மா" என்று அவளைத் தூண் பக்கம் கூப்பிட்டேன். "அவங்க இல்லை."

"இல்லைன்னா? கிளம்பிப் போயிட்டாங்களா?"

"தவறிட்டாங்க. ரெண்டு மாசம் ஆச்சு. சீட்டு ரெண்டு பேருக்கு இருந்தது. ரெண்டையும் அந்தப் பொண்ணு குறிச்சுட்டாங்க. நான் தடுக்கலை."

அவள் ஸ்கேலை இறக்கினாள். முதலில் வந்தது கோபம், அதில் தப்பில்லை. "முதல்லயே சொல்லியிருக்கலாமே சார். நான் எவ்வளவு பயந்துட்டேன் தெரியுமா?"

"சொல்லியிருக்கலாம்மா. தப்புதான்."

அதற்குள் கருவி கரகரத்தது. "நீல டிரஸ் அம்மா கேன்டீன் பக்கம் இல்ல. தோட்டத்துல பார்க்கட்டுமா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் கீழே பார்த்தேன்.

"வேண்டாம் அண்ணா. அவங்க இன்னிக்கு வரலையாம்."

"சரிம்மா. ஒருவேளை வந்தா இங்கயே உக்கார வைக்கறேன்."

அவள் கருவியை இடுப்பில் சொருகிக்கொண்டு, காவலாளியிடம் ஏதோ சொல்லி எண்ணிக்கையைத் திருத்தி எழுத வைத்தாள். உள்ளே போனோம். உயரமான அலமாரிகள், அவற்றில் சாய்த்த ஏணிகள், கண்ணாடிக்குள் தோல் அட்டைப் புத்தகங்கள். எல்லாரும் "அப்பா!" என்றார்கள். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஆய்வேடெல்லாம் எங்கம்மா இருக்கும்?" என்று கேட்டேன்.

"அது இங்க இல்ல சார், பின் கட்டிடம். வெளியாளுக்கு அனுமதி கிடையாது. ஏன்?"

சுருக்கமாகச் சொன்னேன். மண்புழு, தாடை, நூற்றுப்பதினேழு. அவள் என் தாடையைப் பார்த்தாள். சுற்றுலா முடிந்து மற்றவர்கள் கலைந்ததும், கேமராக்காரரின் மனைவி தொலைவிலிருந்தே என்னைப் பார்த்துக் கையை நெஞ்சில் வைத்தாள். யாரோ சொல்லியிருக்க வேண்டும். பிறகு வழிகாட்டி என்னைப் பின் கட்டிடத்துக்கு அழைத்துப் போனாள்.

அங்கே அழகு ஒன்றும் இல்லை. ட்யூப் லைட், இரும்பு அலமாரி, ஒரு கவுன்ட்டர். கவுன்ட்டரில் சளி பிடித்த ஒரு அம்மா, கைக்குட்டையும் கையுமாக.

"ஒரு நாள் அனுமதி கொடுக்கலாம். ஃபாரத்துல நோக்கம் எழுதணும். என்ன ஆராய்ச்சி?"

"ஆராய்ச்சி இல்லம்மா. ஒரு பக்க எண்ணைப் பார்க்கணும்."

"எதுல?"

"மண்புழுவுல."

அவர் வழிகாட்டியைப் பார்த்தார். வழிகாட்டி, "எனக்காகக் கொடுங்க மேடம்" என்றாள்.

"எழுதினவருக்கு நீங்க என்ன உறவு?"

"எழுதினவருக்கு ஒண்ணும் இல்ல. டைப் அடிச்சவங்களுக்கு வீட்டுக்காரர்."

கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். "இருக்கு. முன்னூத்திப் பன்னெண்டு பக்கம். ஆனா டைப் அடிச்சவங்க பேர் இதுல வராது சார்."

"தெரியும்மா."

தும்மினார். "பையில என்ன அது, பேனாவா? பேனா உள்ள கூடாது."

பையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

"பென்சில்னா பரவாயில்லை."

வழிகாட்டிக்கு அடுத்த குழு காத்திருந்தது. "ரெண்டு இருக்கான்னு எனக்கும் சொல்லுங்க சார்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். நான் ஒரு நீண்ட மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தேன். எதிர்நாற்காலி காலி. ஆய்வேடு வர இருபது நிமிஷம் ஆனது. கரும்பச்சை அட்டை, முதுகில் பொன்னெழுத்து பாதி உதிர்ந்திருந்தது. கடைசி அட்டையின் உள்பக்கம் இரவல் சீட்டு ஒட்டியிருந்தது. அதில் ஒரு தேதிகூட இல்லை. முப்பத்துநாலு வருஷமாக யாரும் எடுத்ததில்லை. புழு சாருக்காகக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

எங்கள் பரணில் இருப்பது மங்கலான படி. இங்கே எழுத்து கறுகறு என்று இருந்தது. முற்றுப்புள்ளிகளை அவள் ஓங்கி அடிப்பாள். தாளின் பின்பக்கம் தடவினால் விரலில் தட்டும். தடவிக்கொண்டே போனேன். நூற்றுப்பதினாறு. நூற்றுப்பதினேழு. தாளைத் திருப்பினேன்.

நூற்றுப்பதினேழு.

சிவப்பு வட்டம் இல்லை. மை இல்லை, சுரண்டல் இல்லை, ஓரத்தில் கேள்விக்குறிகூட இல்லை. பைண்டர் பார்க்கவில்லை, தேர்வாளர்கள் பார்க்கவில்லை, கம்ப்யூட்டரில் ஏற்றியவரும் கடைசிப் பக்கத்து எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு போயிருக்கிறார். அவளுக்கு இத்தனை வருஷம் சாப்பாடு இறங்காமல் செய்த தப்பை உலகத்தில் இருவரைத் தவிர யாரும் கண்டுபிடிக்கவில்லை. இதைத்தான் அவளிடம் சொல்ல வேண்டும் என்று எழுந்த அந்த வேகத்தில், நாற்காலியைப் பின்னால் தள்ளி அரைவாசி எழுந்தும்விட்டேன். பிறகு உட்கார்ந்தேன்.

பென்சிலை எடுத்தேன். குட்டியாக ஒரு 'அ'. நுனியை எண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அவள் சீவியது, ஊசி மாதிரி இருந்தது. யார் பார்க்கப் போகிறார்கள்? அதற்காகத்தானே ஐந்து மணி நேரம் வந்தேன்.

கை வரவில்லை. பென்சிலை மேசையில் படுக்க வைத்துவிட்டு, முதல் நூற்றுப்பதினேழின் கடைசிப் பத்தியிலிருந்து உரக்கப் படித்தேன். உரக்க என்றால் கவுன்ட்டர் வரை கேட்காத அளவுக்கு. கமாவுக்குக் கமா என்றேன். முற்றுப்புள்ளி என்றேன். ஈரம் குறைந்த மண்ணில் புழுக்கள் ஆழத்துக்கு இறங்குகின்றன, முற்றுப்புள்ளி, புதுப் பத்தி. தாள் முடிந்தது. திருப்பினேன். நாங்கள் எப்போதும் படிக்காத இடத்தை இந்தத் தடவை படித்தேன்.

"நூற்றுப்பதினேழு" என்றேன்.

மேசையை ஒரு தட்டு தட்டினேன். தட்டிவிட்டுச் சும்மா இருந்தேன்.

கவுன்ட்டர் அம்மா நிமிர்ந்தார். "ஏதாவது வேணுமா சார்?"

"ஒண்ணும் இல்லம்மா."

கொஞ்ச நேரம் பொறுத்து மிச்சப் பக்கத்தையும் படித்து முடித்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அடித்த பக்கம் அது, எழுத்துகள் கொஞ்சம் அதிகமாகவே அழுந்தியிருந்தன. ஒரு பிழையும் இல்லை. அட்டையை மூடி, பென்சிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஆய்வேட்டைக் கவுன்ட்டரில் கொடுத்தேன்.

"நீங்க தேடினது கிடைச்சுதா? எண் தப்பா இருந்தா சொல்லுங்க, பதிவுல குறிப்பு போட்டுடறேன்."

"இல்லம்மா. அது என் வேலை இல்லை."

முற்றத்தில் வழிகாட்டி புதுக் குழுவைத் தேய்ந்த படியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். தூங்கிப்போன மனிதரின் கதை முடிந்து எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தலைகளுக்கு மேலாக என்னைப் பார்த்து ஸ்கேலை ஆட்டினாள். நான் இரண்டு விரலைக் காட்டினேன். வாசல் காவலாளியின் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி போட்டிருந்தது. எப்போதும் இருப்பதாகத்தான் இருக்கும். ஒட்டாத ஸ்டிக்கர் பசை காய்ந்து விரலிலிருந்து எங்கோ விழுந்துவிட்டது, எங்கே என்று தெரியவில்லை.

அந்த ஆய்வேடு முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கம் என்று அங்கே பதிவாகியிருக்கிறது. எண்ணிப் பார்த்தால் முன்னூற்றுப் பதின்மூன்று.